புள்ளி எழுத்தின்மேல் எழுதினால் விரல் வலிக்கிறது என்கிறாள்

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்): என் 4 வயது மகள், புள்ளியிட்ட ‘அ’வின்மேல் பென்சிலை ஓட்டத் தொடங்கி, இரண்டு வரி முடிவதற்குள் விரல் வலிப்பதாகக் கூறி நிறுத்திவிடுகிறாள். பயிற்சியைக் கூட்டலாமா?

பதில் 1: வேண்டாம். பென்சிலை மூன்று விரல்களால் பிடித்து, விரல்களை மட்டும் அசைத்து எழுதும் திறன் பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள்தான் முதிர்கிறது. மேலும் ‘அ’ சுழியும் வளைவும் கலந்த எழுத்து. நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ ஆகியவற்றில் தொடங்குங்கள்.

பதில் 2 (ஏற்காடு): நீளமான பென்சிலுக்குப் பதிலாக உடைந்த சாக்பீஸ் துண்டைக் கொடுங்கள்; முழுக் கையால் பற்ற இடமில்லாததால் விரல்நுனிகள் தாமாகவே சேரும். எங்கள் வீட்டில் காய்ந்த காப்பிக்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வோம் (குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாதபடி பெரியவர் அருகிலேயே இருக்க வேண்டும்).

கேட்டவர்: நன்றி. வாசலில் கோலப்புள்ளி வைக்கும்போது அவளிடமும் ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்துப் பார்க்கிறேன்.