செனசென்ஸ்: 'செல் முதிர்ச்சி'யா, 'செல் மூப்பா'?

கோரிமேடு, புதுச்சேரி:

குழுமத்தாருக்கு வணக்கம். கொழுப்புக் கல்லீரல் கையேட்டு வரைவில் செனசென்ஸ் (senescence) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'செல் முதிர்ச்சி' என்று போட்டிருக்கிறோம். இது பொருளையே புரட்டிவிடும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு முதிர்ச்சி அடைகிறது என்றால் அது வேலைக்குத் தயாராகிறது என்று அர்த்தம். இங்கே நடப்பது வேறு. டி.என்.ஏ. சேதத்தாலோ, குரோமோசோமின் முனையான டெலோமியர் குறுகுவதாலோ செல்லுக்குள் பிரிவைத் தடுக்கும் பி16, பி21 புரதங்கள் கூடி, பிரிவது நிரந்தரமாக நின்றுவிடுகிறது. செல் சாவதுமில்லை, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரந்து அண்டைச் செல்களையும் கெடுக்கிறது. 'செல் மூப்பு' என்று வைப்போம். தாவரவியலில் இலை பழுப்பதை மூப்படைதல் என்றுதானே படித்தோம்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

ஐயா, முதிர்ச்சி வேண்டாம், சரி. ஆனால் மூப்பு என்றதும் 35 வயதுக்காரர் 'இது வயசானவங்களுக்கு' என்று தாளைத் திருப்பிவிடுவார். 'செல் ஓய்வு' அல்லது 'பிரிவொழிந்த செல்' பொருந்துமா? அத்தகைய செல்களை ஒழிக்கும் மருந்துக்கு 'மூப்பழிப்பி' என்று குறித்திருக்கிறேன்.

கோரிமேடு, புதுச்சேரி:

அம்மா, 'ஓய்வு' அறவே கூடாது. நலமான கல்லீரல் செல் பெரும்பாலும் ஓய்வில்தான் இருக்கிறது. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் மிச்சமுள்ள செல்கள் விழித்துப் பிரிந்து, பத்து நாளுக்குள் ஏறக்குறைய பழைய எடையை எட்டிவிடும். மூப்புற்ற செல் அப்படி விழிக்காது. 'பிரிவொழிந்த' என்றால் நரம்புச் செல்லும் அதில் அடங்கிவிடும். அது பிரியாவிட்டாலும் மூப்புற்றதல்ல.

வயதுக் குழப்பத்துக்குக் காரணத்தைச் சொல்வதுதான் மருந்து. மூப்புற்ற கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பு அமிலத்தைச் சரியாக எரிப்பதில்லை. எரியாதது துளித்துளியாகச் செல்லுக்குள் தேங்குகிறது. தேங்கிய கொழுப்பு மேலும் சேதம் தந்து மேலும் செல்களை மூப்புக்குத் தள்ளுகிறது. இந்தச் சுழற்சிக்கு முதுமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உடல் பருமனும் சர்க்கரை நோயும் போதும்.

2017இல் வெளியான எலி ஆய்வு இதை இரு பக்கமும் காட்டியது. மூப்புற்ற செல்களை நீக்கியபோது கல்லீரல் கொழுப்பு குறைந்தது. கல்லீரல் செல்லில் மட்டும் டி.என்.ஏ. பழுதுபார்ப்பைக் கெடுத்தபோது கொழுப்பு ஏறியது. நீக்குவதற்குப் பயன்பட்ட மருந்து டசாட்டினிப், குவெர்செட்டின் கலவை. டசாட்டினிப் ரத்தப் புற்றுநோய் மருந்து. குவெர்செட்டின் வெங்காயத்திலும் உண்டு. கையேட்டில் இதை எழுதினால் 'வெங்காயம் தின்றால் கல்லீரல் சரியாகும்' என்று பரவும். வேண்டாம்.

'மூப்பழிப்பி'யும் காயகல்ப விளம்பரம் மாதிரி ஒலிக்கிறது. 'மூப்புச்செல் நீக்கி' என்றால் எதை நீக்குகிறது என்பது தெளிவு. மூப்பை நோய் என்றும் எழுதிவிடாதீர்கள்: கல்லீரலில் தழும்பு நாரை உண்டாக்கும் விண்மீன் செல்கள் மூப்படைந்தால் நார் சேர்வது மட்டுப்படுகிறது. எந்தச் செல் என்பதைச் சொல்லாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

மஞ்சக்குப்பம், கடலூர்:

காரணம் விளங்கியது. ஓய்வு, பிரிவொழிந்த இரண்டையும் எடுத்துவிட்டேன். பட்டியலில் இப்போது: செல் மூப்பு, மூப்புற்ற செல், மூப்புச் சுரப்பு (அது சுரக்கும் அழற்சிப் பொருட்கள்), மூப்புச்செல் நீக்கி. முதல் இடத்தில் மட்டும் 'ஆளின் வயதல்ல, செல்லின் நிலை' என்று சேர்க்கிறேன். ஸ்கேனில் தெரிவது கொழுப்புதான், செல் மூப்பு தெரியாது என்ற வரியும் அதன் கீழேயே வருகிறது. இல்லையென்றால் பரிசோதனைக்கூடத்தில் போய் 'மூப்பு டெஸ்ட்' கேட்பார்கள்.