எதேச்சாதிகாரமா, தனிக்கோன்மையா? பைசாந்தியத்தை முன்வைத்து ஒரு சொல் தேடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் கையிலேயே முழு அதிகாரமும் இருக்கும் ஆட்சியான 'ஆட்டோக்ரசி'க்கு எதேச்சாதிகாரம் என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று இந்த இழையில் இருவர் கேட்டிருந்தீர்கள். சர்வாதிகாரம் என்றே போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது, அதைப்போய் எதேச்சாதிகாரம் என்று எப்படி ஏசுவது என்று ஐயா ஒருவர் எழுதினார். அவருடைய மடல்தான் என்னை எழுத வைத்தது. கேள்வி நியாயமானது. ஆனால் நல்ல அரசர் வாய்த்தால் மக்களாட்சியைவிடத் தனியொருவர் ஆட்சியே மேல் என்று அவர் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பது அந்த ஆட்சியின் குறை எங்கே இருக்கிறது என்று நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் மூலச்சொல். 'ஆட்டோக்ராட்டோர்' என்ற கிரேக்கச் சொல் அரண்மனையில் பிறந்ததல்ல. கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்புக்கு நிக்கியாஸ், அல்கிபியாடிஸ், லாமக்கோஸ் என்ற மூன்று தளபதிகளை ஏதென்ஸ் அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஆளனுப்பி ஒப்புதல் கேட்காமல் அவர்களே முடிவெடுக்கலாம் என்று மக்கள் மன்றம் கூடி வாக்களித்தது. அந்த அதிகாரம் பெற்றவர்கள்தான் ஆட்டோக்ராட்டோர்கள். மக்களாட்சி தானே கொடுத்த அதிகாரம் அது, திரும்பப் பெறவும் முடியும். அல்கிபியாடிஸை வழக்கு விசாரணைக்காக இடையிலேயே திரும்ப அழைத்தார்கள். பின்னால் ரோமானியப் பேரரசரின் 'இம்பெராட்டோர்' பட்டத்துக்குக் கிரேக்கத்தில் இதே சொல் நிலைத்தது. திரும்பப் பெறும் வழி போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

ரஷ்யர்கள் இதைத் துண்டு துண்டாகப் பெயர்த்து 'சமொதெர்ஷெத்ஸ்' என்றார்கள். தானே பிடித்து ஆள்பவர் என்று பொருள். மூன்றாம் இவான் காலத்தில் அதன் முதல் பொருள், இன்னொருவருக்குக் கப்பம் கட்டாதவர், யாருக்கும் கீழ்ப்படாதவர் என்பதுதான். தன் குடிமக்கள்மீது வரம்பில்லா அதிகாரம் என்ற பொருள் பிறகே மேலோங்கியது.

அதே வழியில் நாமும் 'தன்னாட்சி' என்று போட்டால் என்ன? போட முடியாது. தன்னாட்சிக் கல்லூரி, தன்னாட்சி அமைப்பு என்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. 'ஒற்றையாட்சி'யும் கிடைக்காது. இலங்கை அரசியல் பேச்சில் அது கூட்டாட்சிக்கு எதிர்ப்பதமாக ஆழ வேரூன்றிய சொல், அதைக் குழப்புவது பெரிய தவறு. 'முடியாட்சி'யும் பொருந்தாது. பிரிட்டனில் முடி இருக்கிறது, ஆனால் முடி தரித்தவர் ஆள்வதில்லை.

சர்வாதிகாரத்தை நாம் 'டிக்டேட்டர்' ஆட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். ரோமானியக் குடியரசில் நெருக்கடிக்காக ஆறு மாத வரம்போடு தரப்பட்ட பதவி அது. அதன் கதை வேறு, அது அங்கேயே இருக்கட்டும்.

மிஞ்சுவது எதேச்சாதிகாரம். யதேச்சை என்றால் இச்சைப்படி. ஆள்பவர் மனம்போன போக்கில் நடப்பதுதான் குற்றம் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பைசாந்தியத்தில் இது சரியாகப் பொருந்துவதில்லை. பேரரசர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று தாமே அறிவிப்பது ஆட்சியின் மாண்புக்கு உகந்தது என்று 429ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, கடவுள் மனிதருக்கு அனுப்பிய 'உயிருள்ள சட்டம்' பேரரசரே என்று பேரரசர் ஜஸ்டினியனின் சட்டம் சொன்னது. இரண்டும் ஒரே மரபில் அருகருகே இருந்தன.

பேரரசர் ஆறாம் லியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 886 முதல் 912 வரை ஆண்டவர், படித்தவர், ஏராளமான சட்டங்கள் இயற்றியவர். எல்லாப் பொறுப்பும் பேரரசரிடம் வந்துவிட்ட பிறகு இவை வெறும் பெயருக்கு எதற்கு என்று செனட்டின் பழைய சட்டமியற்றும் உரிமையையும் நகர மன்றங்களையும் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கினார். மூன்றாம் திருமணத்தைக் கண்டித்தும் சட்டம் போட்டார். அப்புறம் அவருடைய மூன்றாம் மனைவியும் இறந்துபோக, 905இல் பிறந்த ஆண்பிள்ளையை வாரிசாக்குவதற்காக நான்காம் திருமணம் செய்துகொண்டார். 906 கிறிஸ்துமஸ் அன்று திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் நிக்கோலஸ் அவரைத் தலைநகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவின் வாசலிலேயே நிறுத்தினார். அடுத்த ஆண்டு நிக்கோலஸின் பதவி போனது. இந்த மனிதரை இச்சைப்படி ஆடியவர் என்பதா, சட்டத்தின் காவலர் என்பதா? இரண்டும்தான். அவருடைய குணத்தை அளந்து ஆட்சி வகைக்குப் பெயர் வைக்க முடியாது.

ஐயா சுட்டிய நல்ல அரசர்களுக்கு வருகிறேன். இதில் அவர் பக்கம் வலுவான சான்றுகள் இருக்கின்றன, அவற்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 927-28 குளிர்காலம் பேரரசையே உறைய வைத்தது. பஞ்சத்தில் சிறு விவசாயிகள் கொஞ்சம் தானியத்துக்கு நிலத்தை விற்றார்கள், செல்வர்கள் வளைத்துப் போட்டார்கள். நியாயமற்ற விலைக்கு வாங்கிய நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 934இல் முதலாம் ரொமானோஸ் சட்டம் போட்டார். இரண்டாம் பேசில் இன்னும் மேலே போனார். ஏழையின் நிலத்தைப் பிடித்து நாற்பது ஆண்டு ஓட்டிவிட்டால் கேட்க முடியாது என்றிருந்த வரம்பை 996இல் ஒழித்தார். நொடித்துப்போன ஏழையின் வரியைப் பக்கத்திலிருக்கும் செல்வர் கட்ட வேண்டும் என்றார். செல்வர்கள் வாக்களிக்கும் ஒரு சபை அன்று இருந்திருந்தால் இந்தச் சட்டங்கள் நிறைவேறியிருக்குமா? ஐயாவின் இந்தக் கேள்விக்கு, நிறைவேறியிருக்காது என்பதே என் விடையும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பேசில் 1025 டிசம்பரில் இறந்தார். பிள்ளையில்லை. அடுத்து யார் என்று அக்கறையோடு எதையும் ஏற்பாடு செய்யவில்லை. தம்பி மூன்றாண்டு ஆண்டார். 1028இல் வந்த மூன்றாம் ரொமானோஸ் அந்த வரிச் சட்டத்தை ரத்து செய்தார். ஐம்பது ஆண்டுக்குப் பக்கம் ஆண்ட ஒருவரின் நல்ல சட்டம், அவர் உயிர் போய் மூன்றே ஆண்டில் காலி. அந்தச் சட்டத்தால் பிழைத்த விவசாயிகளிடம் அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கருவியும் இல்லை. மனு போடலாம், அவ்வளவுதான்.

கஜானாவும் இதே கதைதான். பேரரசர் முதலாம் அனஸ்தாசியஸ் சிறுவணிகரையும் கைவினைஞரையும் பிழிந்த தங்கவெள்ளி வரியை 498இல் நீக்கினார். எடெஸ்ஸா நகரத்து மக்கள் வெள்ளை உடுத்தி மெழுகுவத்தி ஏந்தி விழாவே எடுத்தார்கள். அப்படியும் 518இல் அவர் விட்டுச்சென்ற தங்கம் 3,20,000 ராத்தல் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் பிரொக்கோபியஸ். ஜஸ்டினியன் காலத்துப் போர்களும் கட்டடங்களும் அதைத் தின்றன. ஒரே நாடு, ஒரே ஆட்சிமுறை, ஒரே தலைமுறைக்குள். மாறியது ஆள் மட்டும்.

மக்கள் அங்கே ஊமைகளாக இருந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தப் பகுதி எனக்கு மிகவும் நெருக்கமானது. 491இல் பேரரசர் ஸெனோ இறந்ததும் கான்ஸ்டான்டிநோபிளின் ஹிப்போட்ரோமில், அதாவது தேரோட்டத் திடலில், கூட்டம் திரண்டு அரசி அரியாட்னேயைப் பார்த்து நல்ல சமயநெறி உள்ள பேரரசரைத் தா என்று முழங்கியது. திருட்டு நகர ஆளுநரை மாற்று என்றும் கேட்டது. அவர் தேர்ந்தெடுத்தவர்தான் அனஸ்தாசியஸ். 512இல் வழிபாட்டு வாசகம் ஒன்றைப் பற்றிய கலவரம் வெடித்தபோது அதே அனஸ்தாசியஸ் முடியில்லாத தலையோடு அதே திடலுக்கு வந்து, வேண்டாமென்றால் விலகிக்கொள்கிறேன் என்றார். கூட்டம் மனமிளகிக் கலைந்தது.

இருபது ஆண்டு கழித்து, 532 ஜனவரியில், தேரோட்டப் போட்டிகளின் எதிரெதிர் ரசிகர் கூட்டங்களான நீல அணியும் பச்சை அணியும் ஒன்று சேர்ந்து எழுந்தன. நிதியமைச்சர் ஜானையும் சட்ட அறிஞர் திரிபோனியனையும் நீக்கு என்ற கோரிக்கைக்கு ஜஸ்டினியன் இணங்கினார். நற்செய்தி நூலைக் கையில் ஏந்தி அதே திடலில் மன்னிப்பும் அறிவித்தார். கூட்டம் நம்பவில்லை, ஹைப்பேஷியஸ் என்பவருக்கு முடிசூட்டியது. ஜஸ்டினியனின் தளபதிகள் பெலிசாரியஸும் முண்டஸும் படையோடு நுழைந்தார்கள். 30,000 பேருக்கு மேல் மாண்டதாகப் பிரொக்கோபியஸ் எழுதுகிறார்.

ஒரே திடல், ஏறக்குறைய ஒரே சடங்கு. ஒருமுறை சமாதானம், ஒருமுறை பிணக்குவியல். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த விதியும் கிடையாது. தனியொருவர் ஆட்சியில் என்னை அச்சுறுத்துவது இதுதான். கொடுமை எல்லா ஆட்சியிலும் உண்டு. அர்கினூசே கடற்போரில் வென்று வந்த தளபதிகளில் ஆறு பேரைக் கி.மு. 406இல் கொன்றது ஏதென்ஸின் மக்கள் வாக்குதான். ஆனால் ஆள்பவரை மாற்றுவதற்கே கத்தி எடுக்க வேண்டும் என்ற நிலை வேறு. 695 தொடங்கி 717 வரை கான்ஸ்டான்டிநோபிளில் ஏழு முறை அரியணை கைமாறியது, ஒருமுறைகூட இயல்பாக இல்லை. இரண்டாம் ஜஸ்டினியன் மூக்கறுபட்டு நாடு கடத்தப்பட்டு, பல்கர் படையோடு திரும்பி வந்து மறுபடி ஆண்டு, கடைசியில் தலையும் போனது.

1042 ஏப்ரலில் நடந்ததை மக்களாட்சிக் கூறு என்று ஐயா குறிப்பிட்டார். நான்கே மாதம் ஆண்டிருந்த ஐந்தாம் மைக்கேல், தன்னை மகனாக ஏற்ற அரசி ஸோயியை நாடு கடத்தினார். ஊரே கொதித்தது. வீட்டின் பெண்கள் பகுதியை விட்டு வெளியே வந்தறியாத பெண்கள்கூடத் தெருவில் இறங்கி அலறினார்கள் என்று நேரில் கண்ட வரலாற்றாசிரியர் செல்லோஸ் எழுதியிருக்கிறார். ஸோயியும் தங்கை தியோடோராவும் அரியணை ஏறினார்கள். படிக்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. பைசாந்தியம் அடியில் ஒரு குடியரசுதான், மக்கள் இசைவில்லாமல் யாரும் அங்கே ஆளவில்லை என்று இன்றைய வரலாற்றாசிரியர் சிலர் வாதிடுவதற்கு இது நல்ல சான்று. ஆனால் மைக்கேல் முடிந்தது எப்படி? ஸ்டூடியோஸ் மடத்தில் பலிபீடத்தடியில் ஒளிந்தவரை இழுத்து வந்து கண்ணைப் பிடுங்கினார்கள். மக்கள் விருப்பம் இருந்தது, அது நடந்தும் விட்டது. ஆனால் அதற்குப் பாதை என்று ஒன்று இல்லை, இரும்புதான் இருந்தது. தியோபானஸ் போன்ற காலவரிசை எழுத்தாளர்களிடம் 'டெமோக்ராட்டியா' என்ற சொல்லே தெருக் கலவரம் என்ற பொருளில் வருகிறது. பாதை இல்லாத ஊரில் மக்கள் ஆட்சி வேறு எப்படித் தோன்றும்?

வெனிஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைசாந்தியத்தின் ஒரு மூலையாகத் தொடங்கிய ஊர் அது. மக்களாட்சி என்று சொல்ல மாட்டேன், சில செல்வக் குடும்பங்களின் ஆட்சிதான். ஆனால் அங்கே தலைவரான டோஜே பதவியேற்கும்போதே தன் கையைக் கட்டும் உறுதிமொழிகளை ஏற்க வேண்டும். 1355இல் மரினோ ஃபலியெரோ என்ற டோஜே தானே முழு ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்தபோது பத்துப்பேர் குழு அவரை விசாரித்துத் தண்டித்தது. மறுபடி ஒரு டோஜேயைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களுக்கு முன்னால்தான் கான்ஸ்டான்டிநோபிளில், அரியணைக்குப் போட்டியிட்ட இரு பேரரசர்களில் ஒருவரான ஐந்தாம் ஜான் இரவோடு இரவாகக் கப்பலில் வந்து நுழைந்து, மற்றவரான ஆறாம் ஜான் கண்டகூசினோஸைத் துறவி உடைக்குத் தள்ளியிருந்தார். அவர்களுக்கு இடையிலான முந்தைய உள்நாட்டுப் போர் ஆறு ஆண்டு ஓடி நாட்டை ஏற்கெனவே வறளடித்திருந்தது.

ஆக, நமக்கு வேண்டிய சொல் ஆள்பவர் நல்லவரா கெட்டவரா என்று பேசக்கூடாது. அதிகாரம் ஒரே கையில் இருக்கிறது, அந்தக் கையை முறைப்படி மாற்ற வழியில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பேசிலுக்கும் பொருந்த வேண்டும், ஐந்தாம் மைக்கேலுக்கும் பொருந்த வேண்டும்.

என் முன்மொழிவு: தனிக்கோன்மை. குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள். கோல் வளையாமல் இருப்பது ஒன்று, வளைந்தது மற்றொன்று. இரண்டும் கோலின் தன்மையைப் பேசுகின்றன. கோல் எத்தனை கையில் இருக்கிறது என்று சொல்ல அந்த வரிசையிலேயே ஒரு சொல் சேர்த்தால், தமிழறிந்த எவருக்கும் விளக்கம் இல்லாமல் புரியும். செங்கோல், செங்கோன்மை என்பது போலவே தனிக்கோல், தனிக்கோன்மை. ஆள்பவர் தனிக்கோலர். அடைமொழியாகத் தனிக்கோல் அரசு, தனிக்கோல் போக்கு என்று இயல்பாகவே வருகிறது. செங்கோன்மை நடத்திய தனிக்கோலர் என்று பேசிலைச் சொல்லலாம், முரண்பாடு இல்லை. 'நல்ல எதேச்சாதிகாரி' என்று எழுதிப் பாருங்கள், தடுக்குகிறது.

கோல் பழைய காலத்துச் சரக்கு, இன்றைய குடியரசுத் தலைவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கொடுங்கோலன் என்று செய்தித்தாள்கள் இன்றைக்கும் எழுதுகின்றன, கையில் கோல் இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை.

பைசாந்திய வரலாற்றை எழுதும்போது மட்டும் ஆட்டோக்ராட்டோர் என்ற பட்டத்தை ஒலிபெயர்ப்பாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. அது ஒருவரின் பட்டம், தனிக்கோன்மை ஆட்சி வகை. ஏதென்ஸ் தளபதிகளுக்குத் தனிக்கோலர் என்று போடவே கூடாது, 'முழு அதிகாரம் பெற்ற தளபதிகள்' என்று விரித்து எழுதுவதுதான் சரி. உடன் முடிசூட்டப்பட்டவர்களுக்கு இணைப்பேரரசர் போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தேர்தல் நடக்கும் ஒரு நாடு நீதிமன்றம், தேர்தல் அமைப்பு, ஊடகம் என்று ஒவ்வொன்றாக இழந்து மெல்லத் தனிக்கோன்மைக்குள் சரிவதற்கு இன்று அடிக்கடி ஒரு சொல் தேவைப்படுகிறது. 'தனிக்கோல்மயமாதல்' நீளம், வாயில் நிற்கவில்லை. 'கோல்குவிப்பு' என்று ஒன்று தோன்றியது, ஆனால் அது குவிப்பவரின் செயலைத்தான் சொல்கிறது, நாட்டின் சரிவைச் சொல்லவில்லை. இலங்கை நண்பர்களும் சிங்கப்பூர் நண்பர்களும் உங்கள் வழக்கில் இதற்கு ஏதாவது புழங்குகிறதா என்று எழுதுங்கள்.