மழைக்கு நடுவே கிறிஸ்துமஸ் வேலை: எதை முன்னாடி, எதைப் பின்னாடி?

முதலியார்பேட்டை_மாடிவீடு:
புதுச்சேரியில வாடகை வீடு, மாடி போர்ஷன். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், அதனால ஞாயிறும் சாயங்காலமும்தான் கையில இருக்கு. சுத்தம், பெயின்ட், பலகாரம், கேக், நட்சத்திரம், குடில் எல்லாமே வேணும். மேற்குச் சுவர்ல ஈரம் ஏறி கறுப்பா பூஞ்சை பிடிச்சிருக்கு. எந்த வரிசையில போனா 24ஆம் தேதி ராத்திரி பூசைக்கு நிம்மதியா கிளம்பலாம்?

சுவரும்_சுண்ணாம்பும்:
கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு திருவருகைக்கால ஞாயிறுகளை வெச்சே வேலையைப் பிரிங்க. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவுல வரும். ஆனா நாலாவது ஞாயிறு 18லேருந்து 24 வரைக்கும் எந்தத் தேதியிலும் விழலாம். சில வருஷம் அது 24ஆம் தேதியேதான். அதனால அந்த நாளுக்குன்னு எந்தப் பெரிய வேலையும் ஒதுக்காதீங்க. கையில இருக்கிறது மூணு ஞாயிறுன்னே கணக்கு வைங்க.

பெயின்ட்டை இப்ப விட்டுடுங்க. நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழையில சுவர் உள்ளே குடிச்ச தண்ணி சீக்கிரம் வெளியே வராது. மேலே பெயின்ட் அடிச்சு மூடினா கொப்புளம் கட்டி உரிஞ்சுடும். கடற்கரைப் பக்கம்னா உப்பும் சேர்ந்து பூத்துக்கிட்டு வரும். சுவரைத் தை பிறந்தப்புறம் வெயில்ல பார்த்துக்கலாம். முன்வாசல் கிரில்லுக்கு மட்டும் எனாமல் அடிக்கலாம், அதுவும் காலை 10 மணிக்கு மேல, மழை விட்ட நாள்ல. சாயங்காலம் அடிச்சா ஈரக்காத்து பட்டு மினுமினுப்பு மங்கி, கை வெச்சா ஒட்டும்.

பூஞ்சைக்கு: திரவ பிளீச் 1 பங்கு, தண்ணி 4 பங்கு. ஸ்பாஞ்சால தடவி 15 நிமிஷம் விட்டு, ஈரத்துணியால துடைச்சு, ஃபேன் போட்டுக் காய விடுங்க. உலர்ந்த சுவரைத் தேய்க்காதீங்க, பூஞ்சைத் தூள் காத்துல பறந்து வேற இடத்துல பிடிச்சுக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சு, கையுறை போட்டுக்கிட்டு செய்யுங்க. டாய்லெட் கழுவுற ஆசிட்டை இதோட எந்தக் காரணத்துக்கும் கலக்கக் கூடாது, விஷ வாயு கிளம்பும். அந்தச் சுவரை ஒட்டி இருக்கிற பீரோவை நாலு விரல் தள்ளிப் போடுங்க.

திரைச்சீலை, போர்வை துவைக்க ஞாயிறு வரட்டும்னு காத்திருக்காதீங்க. சேர்ந்தாப்புல ரெண்டு நாள் வெயில் காட்டினா அன்னைக்கே ஊற வெச்சுடணும்.

பலகாரச்_சட்டி:
பலகாரத்துல செலவு பண்ற நேரம் வீணாகாம இருக்கணும்னா ஈரத்தை மனசுல வெச்சு வரிசை போடுங்க. ரெண்டாவது சிலிண்டர் டிசம்பர் 10க்குள்ள வீட்ல இருக்கணும், அது முதல் வேலை.

அதிரச மாவு 17, 18ஆம் தேதி. பச்சரிசி 1 கிலோ ரெண்டு மணி நேரம் ஊறணும். வடிச்சுத் துணியில நிழல்லயே உலர்த்துங்க, கையில பிடிச்சா ஈரம் தெரியணும். அந்தப் பதத்துலதான் மாவாக்கணும். மெஷின்ல குடுத்தா, காரம் அரைச்சப்புறம் போடாம இருக்கச் சொல்லுங்க. வெல்லம் 750 கிராம். பாகைத் தண்ணியில விட்டா கரையாம, உருட்டினா மெத்துனு உருளணும். பாகு இளசா இருந்தாலோ மாவு ரொம்பக் காஞ்சிருந்தாலோ எண்ணெயில பிரிஞ்சு போகும். முத்திடுச்சுன்னா கல்லு மாதிரி ஆகும். ரெண்டு நாள் மாவு புளிக்கட்டும், 20க்கு மேல சுடுங்க.

கலகலாவுக்கு மேலே சர்க்கரைப் பாகு பூசாதீங்க. டிசம்பர் காத்துல பாகு கசிஞ்சு டப்பாவே பிசுபிசுன்னு ஆகும். மைதா 1 கிலோவுக்கு 300 கிராம் சர்க்கரையைப் பொடிச்சு மாவுலயே சேர்த்துடுங்க.

அச்சு முறுக்குல அச்சு ஒட்டுதுன்னு கேட்பாங்க. முதல் காரணம், அச்சு சூடாகாதது. ரெண்டாவது, மாவுல முழுசா முக்கறது. முக்கால் பாகம்தான் முக்கணும், மாவு மேல் விளிம்பைத் தாண்டினா முறுக்கு கழன்டு விழாது. தேங்காய்ப்பால் சேர்றதால சீக்கிரம் சிக்கு வாடை வரும், அதையும் 20க்கு மேல வெச்சுக்குங்க.

எதைச் சுட்டாலும் முழுசா ஆறினப்புறம்தான் டப்பா. இளஞ்சூட்டுல மூடினா ஆவி மூடியில தண்ணியா நின்னு எல்லாத்தையும் நமுத்துப் போக வைக்கும்.

முதலியார்பேட்டை_மாடிவீடு:
ரொம்ப நன்றிங்க. கேக்குக்கு விவிக்கம், அதான் நம்ம புதுச்சேரி ரவை கேக், பண்ணலாம்னு ஆசை. ரவை அடியில மணல் மாதிரி தங்குதுன்னு சொல்றாங்களே?

குசினி_புதுவை:
ரவை ஊறாததுதான் காரணம். ரவை, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொண்ணும் 500 கிராம், முட்டை 12. ரவையை வாசம் வர்ற வரைக்கும் மட்டும் வறுத்து ஆற விடுங்க. நல்லா அடிச்ச வெண்ணெயில கலந்து குறைஞ்சது 4 மணி நேரம் மூடி வைங்க. அப்புறம் சர்க்கரையோட அடிச்ச மஞ்சள் கரு, ரம்முல ஊறின பழங்கள், கடைசியா நுரைக்க அடிச்ச வெள்ளைக் கரு. வெள்ளைக் கருவைப் போட்டப்புறம் அடிக்காதீங்க, மெதுவா புரட்டி விட்டா போதும். 160 டிகிரி, ஒரு மணி நேரம்.

கிஸ்மிஸ், சர்க்கரைப் பாகுல போட்ட இஞ்சி, ஆரஞ்சுத் தோல் இதெல்லாம் முதல் ஞாயிறே ஊறட்டும். வடிகட்டி, கொஞ்சம் மாவுல புரட்டிப் போட்டா அடியில போய் உட்காராது. முந்திரிக்குப் பண்ருட்டி உடைச்ச பருப்பே போதும், முழுப் பருப்புக்குக் காசு கொட்ட வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_ஒயர்மேன்:
நட்சத்திரத்தைப் பத்தி யாரும் சொல்லலை. காகித நட்சத்திரத்துக்கு 60 வாட்ஸ் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், காகிதம் கருகும். 7 வாட்ஸ் எல்இடி தாராளம். மொட்டை மாடியில ஒயர் ஜாயின்ட் கூடாது, ஹோல்டர்லேருந்து வீட்டுக்குள்ள பிளக் வரைக்கும் ஒரே நீள ஒயர். ஒயர் உள்ளே நுழையற இடத்துக்கு முன்னாடி கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும். நட்சத்திரத்தைத் தாங்கறது நைலான் கயிறா இருக்கணும், ஒயரா இருக்கக் கூடாது. வாடகை வீட்டுல ஆணி அடிக்க முடியலைன்னா கைப்பிடிச்சுவர் கம்பியில மூங்கிலை ரெண்டு இடத்துல இறுக்கிக் கட்டுங்க. வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஆனா கரன்ட்டை வெட்டுற சுவிட்ச்) இருக்கான்னு பார்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க.

துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினா நட்சத்திரத்தை இறக்கிடணும். 25 போச்சுன்னு அசந்துடாதீங்க. 2011ல தானே புயல் கரையேறினது டிசம்பர் 30. ஜனவரி தொடக்கத்துல வர்ற மூவரசர் திருநாள் வரைக்கும் நட்சத்திரம் தொங்கறதால கயிறை இடையில ஒருதடவை பார்க்கணும்.

குடில்_வேலை:
குடிலுக்குச் சம்பா வைக்கோல் அப்ப கிடைக்காது, அறுவடை தை மாசம்தான். குறுவை வைக்கோலை வாங்கி வெயில் காட்டி, உதறிப் பயன்படுத்துங்க. ஈர வைக்கோல்ல பூச்சியும் வாடையும் வரும். பச்சைப் புல்லுக்கு 14ஆம் தேதி தட்டுல மண் பரப்பிக் கேழ்வரகு தூவுங்க. 24ல விரல் உயரம் நிக்கும். தண்ணி ஊத்தாம தெளிக்கணும், தேங்கினா வேர் அழுகும்.

குடில்ல வைக்கிற சுரூபம் (சிலை) புதுசா வாங்கறதா இருந்தா வில்லியனூர் சுடுமண் ஈரத்தைத் தாங்கும். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை அழகுதான், ஆனா தரையில வைக்காம பலகை மேல வைங்க. புல் தட்டு அதுல உரசக் கூடாது.

குழந்தை இயேசுவை மட்டும் மத்த சுரூபங்களோட வைக்காம, இப்பவே தனி டப்பாவுல போட்டு பீடத்துக்குப் பக்கத்துல வெச்சுடுங்க. பூசை முடிஞ்சு வந்து தொழுவத்துல வைக்கிற நேரத்துல, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது.