முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு வண்டிப்பாதை: வேண்டுமா, வேண்டாமா?

பட்டர்வொர்த் மணி:
பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்குக்கு அப்பால், முக்கா ஹெட் குன்றின் உச்சியில் 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. கருங்கல் கோபுரம், உயரம் 14 மீட்டர்தான், ஆனால் குன்றே 200 மீட்டருக்கு மேல். என் அப்பா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். அந்தக் கப்பல்களுக்கு வழிகாட்டிய வெளிச்சம் இது. அம்மாவை அங்கே அழைத்துப் போக ஆசை. தெலுக் டுயோங் கடற்கரை வரை படகு உண்டு. அதற்கு மேல் செங்குத்து ஏற்றம், அவரால் முடியாது. ஒரு சின்ன வண்டிப்பாதை போட்டால் என்ன?

தஞ்சோங் பூங்கா செல்வி:
மணி அண்ணே, ஆசை நியாயமானது, பாதை கூடாது. அது 2003இல் அறிவித்த தேசியப் பூங்கா. 2021இல் யுனெஸ்கோ ஏற்ற பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் அடங்கும். அந்த ஏற்றத்தில் மர வேர்கள்தான் படிக்கட்டு, மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். அதை வெட்டாமல் பாதை வராது. 2017 நவம்பர் மழையில் பினாங்கு மலை ஜீப் சாலை எத்தனை இடத்தில் சரிந்தது என்று மறந்துவிட்டதா?

ஆயர் ஈத்தாம் குமார்:
தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி கட்டினோமே, மலை இடிந்தா போச்சு? எதைக் கேட்டாலும் நிலச்சரிவு என்றால் எப்படி?

தஞ்சோங் பூங்கா செல்வி:
படி வேறு, வண்டிப்பாதை வேறு. படிக்கு ஆள் ஏறும் அகலம் போதும். வண்டிக்குச் சரிவையே அறுக்க வேண்டும், வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவர் வேண்டும். அறுத்த மண் மழையில் நேரே கடலுக்குத்தான் போகும். இதே பூங்காவின் பந்தாய் கெராச்சுட்டில் பச்சை ஆமை முட்டையிடுகிறது. கட்டடம், விளக்கு, கடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் அண்ணே, பாதையோடு நிற்காது.

பட்டர்வொர்த் மணி:
பஸ்ஸா கேட்டேன் தங்கச்சி? மூன்று நான்கு மின்வண்டி, மாலையோடு நிறுத்திவிடலாம். நம்மவர்கள் வந்த கடல்வழியைக் காலில் பலம் உள்ளவர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டுமா?

தஞ்சோங் பூங்கா செல்வி:
உங்கள் அப்பா அந்த வெளிச்சத்தைக் கப்பலில் இருந்துதானே பார்த்திருப்பார்? அம்மாவும் கடலில் இருந்தே பார்க்கட்டும். மூத்தவர்கள் கால் நனையாமல் ஏறி இறங்க நல்ல படகுத்துறை கேளுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

பட்டர்வொர்த் மணி:
துறையும் வேண்டும்தான். ஆனால் அந்தக் கல்லைத் தொட்டு நின்று, எதிரே ஜெராய் மலையைப் பார்ப்பது வேறு. கடாரத்துக்கு வந்த கப்பல்கள் அடையாளம் பிடித்த மலை அது. மாநில அரசுக்கு மனுவில் இரண்டையும் எழுதுகிறேன்.

தஞ்சோங் பூங்கா செல்வி:
எழுதுங்கள் அண்ணே. பாதையை எதிர்த்து என் மனுவும் அதே மேசைக்கு வரும்.