பயோகைனெடிக்ஸா, வணிகப் பட்டமா? பதினோராம் வகுப்பு மகளுக்காக ஒரு கேள்வி

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறாள். சென்ற ஆண்டு கணுக்கால் பிசகி ஆறு வாரம் ஆட முடியாமல் இருந்தபோது, தனக்குப் பயிற்சி கொடுத்து மீண்டும் ஓட வைத்தவரைப் பார்த்துவிட்டு, விளையாட்டுத் துறையில்தான் வேலை செய்வேன் என்று உறுதியாகச் சொல்கிறாள். கணிதமும் உயிரியலும் எடுத்திருக்கிறாள். இயற்பியல், வேதியியல் பாடம் எடுக்கவில்லை. விளையாட்டு அறிவியல் பட்டத்தில் சேர்க்கலாம் என்று நான் நினைக்கிறேன். வணிகப் பட்டம்தான் சோறு போடும் என்பது என் கணவரின் எண்ணம். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை இவள். தவறான படிப்பில் மூன்று ஆண்டுகள் போய்விட்டால் மறுபடி செலவு செய்ய எங்களுக்கு வழியில்லை.

பதில் 1 (டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில், உடற்பயிற்சி வழியாகக் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் மீள உதவும் பயோகைனெடிக்ஸ் நிலையம் நடத்துபவர்):

அக்கா, பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாண்டு விளையாட்டு அறிவியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுகாதாரத் தொழில்முறைக் குழுமத்தில் பயோகைனெடிக்ஸ் நிபுணராகப் பதிவு செய்ய முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கவும் முடியாது, மருத்துவக் காப்பீட்டில் கட்டணம் பெறவும் முடியாது. நேராக நான்காண்டு பயோகைனெடிக்ஸ் பட்டம் படிக்க வேண்டும். அல்லது அந்த வழி இருக்கும் பல்கலைக்கழகத்தில், மூன்றாண்டுக்குப் பின் ஆனர்ஸ் எனும் கூடுதல் சிறப்புப் படிப்பு ஆண்டு ஒன்று, அதனுடன் பயிற்சிக் காலமும் முடிக்க வேண்டும். ஆனர்ஸ் இடங்கள் குறைவு; மூன்றாம் ஆண்டு மதிப்பெண்தான் கதவைத் திறக்கும். பிசியோதெரபிக்குப் பெரும்பாலும் இயற்பியல், வேதியியல் பாடத்தைக் கேட்பார்கள் என்பதால், இன்றைய நிலையில் அந்த வழி அவளுக்குக் கடினம்.

இன்னொன்றையும் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் வருபவர்களில் விளையாட்டு வீரர்கள் சிலரே. நீரிழிவு, இதய நோய், முதுகுவலி, முட்டி மாற்று அறுவை என்று வருபவர்களே அதிகம். நேற்று ஒரு பாட்டி, இதய அறுவைக்குப் பின் முதல்முறையாக, கைப்பிடியைப் பிடிக்காமல் ஒரு சாண் உயரப் படியில் பத்து முறை ஏறி இறங்கினார். நான் அவருடைய நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. ஆகவே வேலை இருக்கிறது, ஆனால் அது மைதானத்தில் மட்டும் இல்லை. இந்த வேலையை அவள் விரும்புவாளா என்பதே முதல் கேள்வி.

பதில் 2 (கிரிக்கெட் நிர்வாகத்தில் கணக்குப் பிரிவு):

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது டர்பனின் மோசஸ் மபீடா மைதானத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்தவன் நான். போட்டி முடிந்ததும் அந்த வேலைகளும் முடிந்தன. என்னை நிலைக்க வைத்தது கணக்கியல் பட்டம்தான். கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் நுழைவுச்சீட்டு, உணவுக்கடை வாடகை, காவலர் சம்பளம், விளம்பரப் பலகை என ஒவ்வொன்றுக்கும் கணக்கும் ஒப்பந்தமும் உண்டு. அவற்றைக் கவனிப்பவர்களில் பலர் விளையாட்டுப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். விளையாட்டில் பிழைப்புக் கிடைக்காவிட்டாலும் வணிகப் பட்டம் வேறு இடத்தில் கைகொடுக்கும். ஆனால் அவள் மனம் உடல் அசைவில் இருந்தால், கணக்குப் புத்தகத்தில் அவளை உட்காரவைப்பது சரியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் படிப்பானாலும் கணிதத்தை விட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் எளிய பாடமான கணித எழுத்தறிவுக்கு மாற விடாதீர்கள். வணிகப் பட்டத்தின் வாசல் அத்துடன் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

பதில் 3 (ஒரு தந்தை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

பணம் கட்டுமுன், அந்தப் படிப்பு தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் பதிவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் மகன் ஒரு தனியார் கல்லூரியில் விளையாட்டு மேலாண்மை படித்தான். ஓராண்டு கழித்தே அந்தச் சான்றிதழ் பதிவாகவில்லை என்று தெரிந்தது. கட்டிய கட்டணம் திரும்பவில்லை.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. தம்பி, உங்கள் நிலையத்தில் ஜூலை விடுமுறையில் இரண்டு நாள் அவள் வந்து பார்க்கலாமா?

பதில் 1:

தாராளமாக வரட்டும், அக்கா. புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு இதய நோயாளிகளின் குழு வரும். அதற்கு அவள் விளையாட்டுக் காலணியுடன் வரட்டும். முதல் நாள் பார்க்க மட்டும் செய்யட்டும், இரண்டாம் நாள் படியில் ஏறுபவர்களுக்கு எண்ணிக்கை சொல்லட்டும்.