நிலைப்படியைப் படி என்று எண்ணலாமா?

நாலு சக்கரம்:
தஞ்சாவூரில் கலை நடைக்கு வழி போட்டிருக்கிறார்கள். அரண்மனை வாசலில் தொடங்கிக் கீழ ராஜ வீதி வழியாக ஓவியக்கூடம், கலைத்தட்டுப் பட்டறை, வீணைப் பட்டறை, கடைசியில் ஒரு சந்துக்குள் நெட்டி வேலை, அதாவது நீர்ச்செடித் தண்டில் உருவங்கள் செய்யும் வீடு. நல்ல காரியம். ஆனால் வரைபடத்தின் அடியில் பெருமையாக ஒரு வரி: ‘வழி முழுவதும் சக்கர நாற்காலிக்கு ஏற்றது. நெட்டி வீட்டில் மட்டும் ஒரே ஒரு படி.’ எழுதியவர் அந்த வாசலைக் கண்ணால் பார்த்தாரா? போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன். வெளியிலிருந்துதான் பார்த்தேன், உள்ளே போக முடிந்தால்தானே. இரண்டு படிகள்.

கீழவீதிக்காரன்:
எழுதியது நான்தான் அம்மா. மூன்று முறை போய் அளந்தேன். ஒரு படி, ஆறு அங்குலம். நீங்கள் இரண்டாவது என்று சொல்வது நிலைப்படி. நிலைப்படியை யாரும் படி என்று எண்ணுவதில்லை.

நாலு சக்கரம்:
பெயரிலேயே படி இருக்கிறது. நான்கு அங்குல உயரம். உங்கள் கால் அதை எண்ணுவதில்லை, என் முன்சக்கரம் எண்ணுகிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
32 ஆண்டுகள் கட்டடம் கட்டியவன் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் நிலைப்படி தச்சுவேலைக் கணக்கில் வரும், படி கொத்துவேலைக் கணக்கில் வரும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிய பில் எதையும் நான் கையெழுத்திட்டதில்லை. ஆகவே ஒரு படிதான். நான்கு அடியில் ஒரு தேக்குப் பலகை போட்டால் வேலை முடிந்தது. இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

நாலு சக்கரம்:
ஓவர்சியர் ஐயா, உங்கள் பில்லை நான் கேட்கவில்லை. பலகையைப் பற்றிப் பேசுவோம். ஓர் அங்குலம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும். 1:12 என்பது என் வீட்டுக் கணக்கு அல்ல, சாய்தளத்துக்கான விதி. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. நிலைப்படியையும் சேர்த்தால் பத்து அங்குலம், பத்து அடி. உங்கள் நான்கு அடிப் பலகை 1:8. அதில் நான் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகச் சாயும், பிடிக்க உங்களைத்தான் கூப்பிடுவேன். அந்தச் சந்தின் அகலமே எட்டு அடி. பத்து அடிப் பலகை எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முட்டும். ஒன்றா இரண்டா என்று நான் சும்மா கேட்கவில்லை. ஒன்று என்றால் பலகை சந்துக்குள் அடங்குகிறது. இரண்டு என்றால் அடங்காது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
சுவரோரமாகத் திருப்பிப் போடலாம். இது கூடத் தெரியாமல் விதி பேசுகிறீர்கள்.

நாலு சக்கரம்:
போடலாம். மேலே ஏறிய பிறகு வாசலை நோக்கித் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதள மேடை வேண்டும். அதைச் சாக்கடையின் மேல் கட்டுவீர்களா? அதை மூடியிருக்கும் கடப்பைக்கல் ஏற்கெனவே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

குடந்தைவாசி:
எதற்கெடுத்தாலும் தஞ்சாவூர்தானா? சுவாமிமலையில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. நான் பார்த்த வார்ப்புப் பட்டறைகள் கொட்டகைதான், தரையோடு தரை. மெழுகில் உருவம் பிடிப்பது, காவிரி வண்டலைப் பூசுவது, உலோகம் ஊற்றுவது எல்லாவற்றையும் நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ராஜ வீதியை விட்டு வர மனம் வராது.

கீழவீதிக்காரன்:
சுவாமிமலைக் கோவிலுக்கு அறுபது படி. ஒரு படிக்கே இவ்வளவு சண்டை, அறுபதுக்கு எத்தனை நாள் ஆகுமோ.

குடந்தைவாசி:
கோவிலையும் பட்டறையையும் ஒன்றாக்கிப் பேசுகிறவருடன் எனக்கு என்ன பேச்சு.

ஐயாறு:
நடுவில் ஒரு சந்தேகம். மூன்று மணி நேர நடை என்கிறீர்கள். வழியில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
இதற்கெல்லாம் மூலகாரணம் வேறு. மேல வீதி வழியாகப் போகலாம் என்று முதல் கூட்டத்திலேயே கைப்பட வரைந்து கொடுத்தேன். ‘பார்க்கிறோம் சார்’ என்று சொல்லி அந்தத் தாளில் வடை வைத்துச் சாப்பிட்டார்கள். நான் மறக்கவில்லை.

கீழவீதிக்காரன்:
வடை வைத்தது நான் இல்லை. மேல வீதியில் நெட்டி வீடும் இல்லை. ஐயா, அம்மா, இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார். அதைச் செதுக்கச் சொல்ல என்னால் முடியாது. பையன்கள் நான்கு பேர் இருக்கிறோம், அலுங்காமல் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறோம்.

நாலு சக்கரம்:
பல்லக்கா? சரபோஜி மகாராஜா ஊர் அல்லவா, பழக்கம் விடவில்லை. தம்பி, என் நாற்காலியில் மோட்டாரும் பேட்டரியும் இருக்கின்றன. என்னைவிட அது கனம். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி தனியாகக் கையோடு வரும், ஒரு முறை வந்திருக்கிறது. அது போகட்டும். மாவு மூட்டை போல நான்கு பேர் தூக்கிப் போகும்போது பெரிய கோவிலின் நெட்டி மாதிரியை நான் எந்த முகத்தோடு ரசிப்பது?

பாட்டியின் நிலைப்படியை இடிக்க நான் சொல்லவே இல்லை. அவர் வீடு, அவர் குங்குமம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறவள் அல்ல நான். இரண்டு என்று வரைபடத்தில் எழுதுங்கள் என்கிறேன். ‘முழுவதும் ஏற்றது’ என்ற சொல்லை நம்பி ஒருத்தி மன்னார்குடியிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வருவாள். வாசலில் நின்று திரும்பிப் போவாள்.

இன்னொன்று. வீணைப் பட்டறைக்குப் படியே இல்லை, உண்மை. ஆனால் தரை முழுவதும் பலாமரச் சிராய். முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் நாற்காலி நகராது. பெருக்கி வைக்கச் சொன்னால் போதும். செலவில்லாத காரியம். அதைப் பற்றி வரைபடத்தில் ஓர் எழுத்து இல்லை.

கீழவீதிக்காரன்:
சிராயைக் குறித்துக்கொண்டேன். நெட்டிக் கலைஞரை அன்றைக்கு மட்டும் அரண்மனை முற்றத்தில் உட்கார வைத்தால் சம்மதமா?

நாலு சக்கரம்:
எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்களா, அல்லது மற்றவர்கள் வீட்டுக்குள் போக நான் மட்டும் முற்றத்திலா?

கீழவீதிக்காரன்:
அதைக் குழுவில் கேட்க வேண்டும். ஆனால் படி ஒன்றுதான்.

நாலு சக்கரம்:
இரண்டு.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
இருவருமே தவறு. அந்த வீட்டுக்கு முதலில் மூன்று படிகள் இருந்தன. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் இரண்டு புதைந்துவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021லேயே உத்தரவு வந்தது. கேட்டார்களா?

குடந்தைவாசி:
அப்படியானால் இன்னும் இரண்டு முறை சாலை போடும்வரை காத்திருங்கள். நிலைப்படியும் புதைந்துவிடும், உங்கள் வழக்கும் முடிந்துவிடும்.

நாலு சக்கரம்:
சிரித்துக்கொள்ளுங்கள். சந்து மேடாகிவிட்டால் உள்ளே இறங்கும்போது அதே சரிவு எனக்குத் தலைகீழாக வரும். மழைக்காலத்தில் பாட்டியின் கூடத்துக்குத் தண்ணீர் எனக்கு முன்பே போய்ச் சேரும். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டேப்புடன் வருகிறேன். கீழவீதிக்காரர் வரட்டும், ஓவர்சியர் ஐயாவும் வரட்டும்.

ஐயாறு:
கழிப்பறை பற்றி யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
வருகிறேன். ஆனால் எங்கிருந்து அளப்பீர்கள்? சாலையிலிருந்தா, கடப்பைக்கல்லின் மேலிருந்தா? அதை முதலில் எழுதிக் கொடுங்கள். துணி டேப் கொண்டுவராதீர்கள், இழுபடும்.