அசாசின்ஸ் கிரீட் 2: மேலங்கியைப் போட்டாலே காவலாளி துரத்துறானே?

பள்ளத்தூர்_இறகு:
அண்ணே, இந்த கேம்ல ஒளிச்சு வச்ச 100 இறகும் சேர்த்தா, நாயகனோட ஆடிட்டோரே குடும்ப மேலங்கி தர்றாங்க. போட்டதும், காவலாளிங்க நம்மளை எவ்வளவு தேடுறாங்கன்னு காட்டுற சிவப்பு அளவு முழுசா ஏறிடுது. கேம்ல கோளாறா?

கானாடுகாத்தான்_கழுகு:
கோளாறு இல்ல தம்பி, வேணும்னே வச்சது. துரோகிப் பட்டம் கட்டித் தூக்குல போட்ட குடும்பத்துச் சின்னத்தைத் தோள்ல மாட்டினா விடுவானா! மஞ்சுவிரட்டுத் திடல்ல சிவப்புத் துண்டோட நின்ன கதைதான். கழட்டிட்டு, ஃப்ளோரன்ஸ்ல மெடிசி மேலங்கியும் வெனிஸ்ல வெனிஸ் மேலங்கியும் போடு.

அளவை இறக்க: உன்னைத் தேடி ஒட்டின சுவரொட்டியைக் கிழிச்சா 25 சதவீதம், 500 ஃப்ளோரின் (கேம் காசு) குடுத்து உன்னைப் பத்தித் தெருவுல கூவுற முரசறைவோன் வாயை அடைச்சா 50, ஊழல் அதிகாரியைத் தீர்த்தா 75. ஒரு அதிகாரி, ஒரு சுவரொட்டி, கணக்கு முடிஞ்சது. அதிகாரி உன்னைப் பார்த்ததும் ஓடுவான், எட்டவே நின்னு கத்தி வீசு.

காரைக்குடி_ஓட்டுவீடு:
2007-ல வந்த முதல் பாகத்துக்கு இது தேவலை. அதுல 420 கொடி, சேர்த்தா ஒரு அங்கிகூடக் கிடையாது! பிளேஸ்டேஷன் 3-ல சாதனைக்குத் தர்ற கோப்பையும் (ட்ராஃபி) இல்ல. கோபுர உச்சியில இருந்து வைக்கோல்ல குதிச்சுப் பிழைக்கிற அந்தப் பாகத்து நாயகன் அல்டாயிர், ஊருணித் தண்ணியில விழுந்தாலும் காலி. ஏக்கர்ங்கிற ஊர்த் துறைமுகத்துல குடிகாரன் தள்ளியே கொன்னுடுவான். பலகை ஓரம் நடக்காத, வெறுங்கையால அவனைப் பிடிச்சு முதல்ல நீ எறிஞ்சிடு.

பள்ளத்தூர்_இறகு:
மெடிசி மேலங்கி வேலை செய்யுதுண்ணே. ஃப்ளோரன்ஸ்ல ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல.